எரிமலைத் தீவில் நம்ம ஆட்கள்

அன்பு மச்சான்,

நீ சொல்லி அனுப்பியபடி எரிமலையைப் பார்த்துவிட்டேன். ரியூனியன் தீவு பிரான்சைச் சேர்ந்தது என்பதால் பாரிசிலிருந்து போக உள்நாட்டுப் பயணம்தான். பதினொரு மணித்தியாலம் விமானத்தில் முடங்கிக் கிடந்தால் போதும். வந்தது வழமையான கூட்டம்: யாழ்ப்பாணத்து அண்ணன்மார் இரண்டு பேர், ஒரு மட்டக்களப்பான், நான்.

கடற்கரையை முதலிலேயே முடித்துவிடுகிறேன். மேற்கே எர்மித்தாஜ் என்ற இடத்தில் வெள்ளை மணல்; பவளப்பாறைக்கு உள்ளே இடுப்பளவுத் தண்ணீர். பாறைக்கு வெளியே சுறா. பல பேர் செத்ததால் 2013 முதல் குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் குளிக்கத் தடை. நிலாவெளி பார்த்த கண்ணுக்கு இது பெரிய விசயமில்லை. எத்தாங் சாலேயில் மணல் கறுப்பு, எரிமலைக் கல் பொடிந்தது. அது மட்டும் புதுசு.

எரிமலைக்கு விடிய முன்னமே கிளம்ப வேண்டும். நேரம் போனால் நம்ம ஹட்டனைப் போலவே பனிமூட்டம் வந்து மூடிவிடும். பேர் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ், 2,632 மீட்டர். நம்ம சிவனொளிபாதமலை 2,243. கடைசி மைல்கள் புல்பூண்டு இல்லாத செம்மண் சமவெளி, அப்புறம் செங்குத்தாக இறங்கும் சுவர். அதன் விளிம்பில் நின்றால் கீழே கறுப்பு, கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை. இறங்கி நடந்தோம். எரிமலைக் குழம்பு உறைந்த இடம் கயிறு முறுக்கிப் போட்டது மாதிரி கிடக்கிறது. நெருப்பு ஆறு ஓடுமென்று நம்பி வந்த மட்டக்களப்பானுக்குத்தான் ஏமாற்றம், மலை தூங்கிக்கொண்டிருந்தது. 2007 ஏப்ரலில் உச்சிக் குழியின் தரை சில நாளில் 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கியதாம். அந்தக் குழம்பு கீழே ரோட்டை அறுத்துக்கொண்டு கடலில் விழுந்திருக்கிறது. இப்போது அதன்மேல் புது ரோடு போட்டு, எந்த வருசத்துக் குழம்பு என்று பலகையும் நட்டிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் நாம் போட்ட சண்டை ஞாபகமா, கூம்பு மாதிரி இருப்பதால் சிவனொளிபாதமலையும் எரிமலைதான் என்று நீ அடித்துச் சொன்னாயே? இல்லை மச்சான். இலங்கையில் எரிமலையே கிடையாது. நம்ம பாறை ஐம்பது கோடி வருசத்துக்கும் மேல் பழசு. இந்தத் தீவு கடலுக்கு மேலே தலைகாட்டி முப்பது லட்சம் வருசம்கூட ஆகவில்லை. ஆனால் இதற்குக் கீழே கொதிக்கிற அதே சூடுதான் ஆறரைக் கோடி வருசத்துக்கு முந்தி இந்தியாவில் தக்காணத்துக் கரும்பாறையைக் கொட்டியது. நிலம் வடக்கே நகர நகர, மாலைதீவுக்கு அடித்தளம், மொரிசியஸ், அப்புறம் இது.

கிழக்கே சென்ரோஸ் பக்கம் ஒரு மாதா கோயில் இருக்கிறது. 1977இல் குழம்பு வாசல் வரை வந்து, இரண்டாய்ப் பிரிந்து சுற்றிப் போனதாம். சுற்றிலும் வீடுகள் போய்விட்டன. அதே பக்கம் ஆற்று நீரில் ஓடுகிற மின்நிலையம் ஒன்றும் உண்டு. ஊரில் பவர் ஹவுஸ் சத்தத்தில் வளர்ந்தவன் என்று நான் பெருமை பேச, அண்ணன்மார் காது பொத்தினார்கள்.

சென் ஆந்திரேயில்தான் எனக்கு மனசு நின்றது. கரும்புத் தோட்டத்து ஓரம் மாரியம்மன், மதுரைவீரன். திரௌபதைக்குத் தீமிதி நடத்துகிறார்கள். கடையில் சோறும் கறியும் முருங்கைக் கீரையும். 1848இல் இங்கே அடிமைத்தனத்தை ஒழித்ததும் கரும்பு வெட்ட ஆள் இல்லாமல் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலில் ஏற்றிய சனம். நம்ம பாட்டன்மார் கோப்பித் தோட்டத்துக்கு மாத்தளை ரோட்டில் நடந்து செத்த அதே காலம். எந்த ஆள்பிடிகாரன் முதலில் ஊருக்குள் வந்தான் என்பதுதான் வித்தியாசம்.

கோயில் வாசலில் இருந்த அம்மாவிடம் தமிழில் பேசினேன். சிரித்தார், கிரெயோல் மொழியில் பதில் சொன்னார். பேரின் முன்பாதி பிரெஞ்சு, பின்பாதி ராமசாமி. தமிழ்ப் பாட்டு தெரியும், அர்த்தம் தெரியாது. பெரிய அண்ணனுக்கு அது தாங்கவில்லை, "மொழியை விட்டிட்டினமே" என்று வழியெல்லாம் புலம்பினார். எனக்கு அப்படிப் படவில்லை. 1946இல் தீவு பிரான்சின் மாவட்டமாகி, இவர்கள் சட்டசபை வரை போனார்கள். இலங்கையில் நமக்கு 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்து, 2003 வரை இழுத்தடித்தார்கள். "பாட்டை நான் பார்த்துக்கிறேன், நீ காகிதத்தைக் குடு" என்றுதான் எங்க தாத்தா கேட்டிருப்பார். இதைச் சொன்னதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வரும் வருசம் இந்தக் கூட்டத்தை இலங்கைக்குக் கூட்டி வரலாம் என்று யோசனை. இவங்களுக்குக் கித்துல்கலயில் படகு விட வேண்டுமாம். பவர் ஹவுஸில் ஆற்றுக்குத் தண்ணி எந்த நேரம் திறக்கிறாங்க, எந்த மாசம் மழை குறைவு, இரண்டையும் உங்க மாமாவிடம் கேட்டு எழுது. ஆடியில் வருகிறேன் என்று ஒருத்தன் சொல்கிறான். வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் கேட்கமாட்டான்.

உன்
மச்சான்