தெறியின் முதுகு

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பேர்மிங்ஹாமுக்கு வெளியே ஒரு புல்வெளியில் கார்கள் வரிசையாக வந்து நிற்கும். பின்கதவைத் திறந்து, வீட்டில் கிடந்த பழஞ்சாமானைப் பரப்பி விற்பார்கள். 'கார் பூட் சேல்' என்பது அதன் பெயர். முதல் தடவை நான் அங்கே போனது ஒரேயொரு தெறிக்காக. நான் வேலை செய்யும் சலவைக்கடைக்கு ஒரு பழைய கறுப்பு மேலங்கி திருத்த வந்திருந்தது. ஐந்து தெறியில் ஒன்றைக் காணவில்லை.

ஒரு மூதாட்டியின் மேசையில் மூன்று பிஸ்கற் ரின்கள், மூன்றும் நிறையத் தெறிகள். பூ வெட்டிய கறுப்புத் தெறி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அவர் எட்டி, என் உள்ளங்கையிலேயே அதைத் திருப்பிப் போட்டார்.

"முகத்தைப் பாராதை, பாப். முதுகைப் பார்."

'பாப்' இந்த ஊர்ச் செல்லம். எங்கள் ஊர் 'மோனை' போல. பஸ் சாரதியும் சொல்வார், மீன் கடைக்காரரும் சொல்வார். ஆனால் அந்தக் காலைக்கு முன் என்னிடம் யாரும் சொன்னதில்லை.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் தெறி என்போம். பொத்தான் என்பது போத்துக்கேயர் விட்டுப்போன சொல். பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினால் "தெறி பூட்டிக்கொண்டு ஓடு" என்று அம்மா கத்துவா. சட்டை கிழிந்து பிடிதுணியாகும் முன்பு அதன் தெறிகளை அறுத்தெடுத்து நெஸ்ரோமோல்ற் ரின் ஒன்றில் போடுவா. தெறி என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு ஒரு முதுகு உண்டு, அந்த முதுகில் எழுத்தும் இருக்கும் என்பதை நாற்பது வயதுக்குப் பிறகு ஒரு புல்வெளியில் தெரிந்துகொண்டேன்.

சட்டைத் தெறிக்கு இரண்டோ நாலோ துளை இருக்கும். மேலங்கித் தெறி பலதில் துளையே இராது. நூல் கோக்க முதுகில் ஒரு வளையம் இருக்கும். அதற்குக் காம்பு என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். தடித்த துணிக்குள் தெறி அமிழாமல் சற்று எழும்பி நிற்க வைப்பது காம்பு. தெறியின் வயதைச் சொல்வதும் அதுதான். முகம் பூவையும் கிரீடத்தையும் கப்பலையும் காட்டும். பிடித்த முகத்தை நூறு வருடம் கழித்தும் திரும்ப அச்சடிப்பார்கள். முதுகை யாரும் அழகுக்காகச் செய்வதில்லை. அந்தந்தக் காலத்தில் எது மலிவோ, எது கைக்குச் சுலபமோ அதுதான் பின்னால் இருக்கும்.

மூதாட்டி சொல்லித்தந்த வரிசை இது. அச்சில் வார்க்கும்போதே காம்பும் சேர்ந்து வந்து, பிறகு துளை போட்டது மிகப் பழசு. தட்டையான பித்தளை வட்டத்தில் கம்பியை வளைத்துப் பற்றாசு வைத்து ஒட்டியது அதற்கு அடுத்தது, பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டு. முகத்தகடு ஒன்று, முதுகுத்தகடு ஒன்று, முகத்தின் விளிம்பை மடித்து முதுகைக் கவ்வியிருந்தால் அது 19ஆம் நூற்றாண்டு வேலை. கோப்பன்ஹேகனில் தொழில் செய்துவிட்டு இந்தப் பக்கம் வந்து குடியேறிய பெஞ்சமின் சாண்டர்ஸ் 1813இல் அந்த இரட்டைத் தகட்டு முறையைக் கொண்டுவந்தார். 1825இல் அவருடைய மகன் உலோகக் காம்பையே எடுத்துவிட்டுப் பின்னால் கித்தான் துணியைக் குமிழாகப் பிதுங்க வைத்தார். உலோக வளையம் நூலை அராவும், துணிக் குமிழ் அராவாது. அப்படியொரு தெறியைப் பிடித்துப் பார்த்தபோது தையல்காரியாக எனக்குப் பொறாமை வந்தது. எவ்வளவு சின்ன வில்லங்கம், எவ்வளவு சரியான தீர்வு.

இந்த ஊர் தெறியால் வளர்ந்த ஊர் என்பதும் அதன் பிறகுதான் தெரியவந்தது. நீராவி இயந்திரத்தில் ஜேம்ஸ் வாட்டுக்குக் கூட்டாளியான மத்தியூ போல்ற்றன் முதலில் தெறியும் கொளுக்கியும் செய்த குடும்பத்துப் பிள்ளை. வாட்டுக்கு முன்பே இங்கே சோஹோவில் பெரிய தொழிற்சாலை கட்டியவர். பொன் முலாம் பூசிய தெறிகள் இங்கிருந்து கப்பல் கப்பலாகப் போயின. முலாம் என்றால் கலப்படமும் வரும்தானே? 1796இல் பாராளுமன்றம் ஒரு சட்டமே போட்டது. ஓர் அங்குல அகலத் தெறி 144க்கு ஐந்து கிரெயின் பொன்னாவது பூசினால்தான் முதுகில் 'கில்ற்' என்று பொறிக்கலாம். எங்கள் ஊர்த் தட்டார் கணக்கில் அது மூன்று குன்றிமணி எடைகூட வராது. அதை 144 தெறிக்குப் பங்கிட வேண்டும்! பழைய பித்தளைத் தெறியின் முதுகில் 'ட்ரெபிள் கில்ற்', 'பெஸ்ற் குவாலிற்றி', 'ரிச் கலர்' என்று வட்டமாக எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நகைக்கடை விளம்பரம் ஞாபகம் வரும்.

நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இருந்தால் இன்னும் நல்லது. பெர்மின் என்ற பழைய லண்டன் நிறுவனம் இடமும் பெயரும் மாறமாறத் தெறி முதுகிலிருந்த எழுத்தும் மாறியது. சேகரிப்பவர்கள் அந்த முகவரியைக் கொண்டே வயதைக் கணிப்பார்கள். இந்த நாட்டுக்கு வந்து நான் ஏழு முகவரி மாறியிருக்கிறேன். என் பழைய கடிதங்களை அடுக்கினால் என்னையும் அப்படிக் கணிக்கலாம்.

உலோகம் அல்லாதவற்றிலும் முதுகே சாட்சி. முத்துச்சிப்பித் தெறியின் முகம் பளபளக்கும். திருப்பினால் சிப்பியின் வெளித்தோல் பழுப்பாக எங்காவது ஒட்டியிருக்கும். கூம்பு வடிவக் கடல்நத்தை ஓட்டில் வெட்டியது என்றால் முதுகில் சிவப்பும் பச்சையுமாகக் கீற்று தெரியும். பிளாஸ்ரிக்கில் இந்த ஊத்தை இராது. மன்னார்க் கடலில் முத்துக் குளித்த கதை கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் பக்கத்தில் முத்துத்தான் சரக்கு. இங்கே பட்டறைகளில் சிப்பிதான் சரக்கு. அதுவும் தடித்த சிப்பி, மணிலாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவின் வடகடலிலிருந்தும் கப்பலில் வந்தது.

வெள்ளைப் பீங்கான் தெறி ஒன்றைக் கண்ணாடித் தெறி என்று நான் சாதித்தேன். மூதாட்டி முதுகைத் தடவச் சொன்னார். தோடம்பழத் தோல் மாதிரிக் குழிகுழியாக இருந்தது. 1840இல் ரிச்சர்ட் ப்ரொசர் என்ற பேர்மிங்ஹாம்காரர் களிமண் தூளை அச்சில் அமத்திச் சுடும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். அந்த முறையின் தழும்பு அது.

இன்னொன்று மண்ணிறத் தெறி, முதுகு வெளிறிப்போயிருந்தது. சாயம் ஊறாத அந்த இடத்தில் கைரேகை போல மெல்லிய கோடுகள். எக்குவடோர் பக்கத்துத் தாகுவாப் பனையின் விதையாம். இளசில் உள்ளே தண்ணீரும் வழுவழுப்புமாக இருக்கும், முற்றினால் தந்தம் போல இறுகிவிடும் என்று விளக்க வந்தார். "நுங்கு" என்றேன் நான். அவருக்கு விளங்கவில்லை. அன்றைக்கு ஒரு நாள் நான் அவருக்குப் பாடம் எடுத்தேன்: நுங்கு, பனங்காய், ஒடியல் எல்லாம்.

நான் தேடிப்போன கறுப்புத் தெறிக்கு வருகிறேன். மேலங்கியின் சொந்தக்காரி அதை 'ஜெற்' என்று எழுதித் தந்திருந்தா. விற்பி என்ற கடலோர ஊரில் எடுக்கும் கரிக்கல் அது. 1861இல் கணவர் இறந்த பிறகு விக்ரோறியா மகாராணி சாகும்வரை கறுப்பே உடுத்தியதால் துக்க நகையாக ஜெற் நாடெங்கும் பரவியது. ஆனால் எல்லாராலும் ஜெற் வாங்க முடியுமா? பொஹீமியாவிலிருந்து கறுப்புக் கண்ணாடித் தெறி வந்து குவிந்தது. ஜெற் கையில் பஞ்சு போல இருக்கும், சூடும் ஏறும். கண்ணாடி பாரம், கன்னத்தில் வைத்தால் குளிரும். மேலங்கியில் மிஞ்சியிருந்த நாலும் குளிர்ந்தன. முதுகில் சின்ன உலோகத் தட்டு, அதில் கம்பி வளையம். மூதாட்டியின் ரின்னில் அதே முதுகோடு ஒன்று கிடைத்தது. முகத்தில் பூ சற்று வேறு. சொந்தக்காரி இன்றைக்கும் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டு மாதத்தில் எனக்கு வாலும் முளைத்துவிட்டது. ஒரு நாள் பழுப்பு இறப்பர்த் தெறி ஒன்று எடுத்தேன். முதுகில் குட்இயரின் பெயர், பக்கத்தில் 1851 என்ற ஆண்டு. "இது 1851ஆம் ஆண்டுத் தெறி" என்று அறிவித்தேன். அவர் சிரித்தார். அது காப்புரிமை கொடுத்த ஆண்டு. அதே எண்ணைப் பொறித்துக்கொண்டு பிறகும் பல காலம் செய்து தள்ளினார்கள்.

"1851க்கு முந்தினது இல்லை. அந்த எண் சொல்லுறது அவ்வளவுதான், பாப். மிச்சத்தை நீதான் தேட வேணும்."

அவரிடமிருந்த தெறிகளில் விலைக்கு இல்லாதவை சில, தனிப் பெட்டியில். உலோக வளையத்தில் நூலைச் சுற்றிச் சுற்றிச் சில்லுப் போல நெய்தவை. டோர்செற் மாவட்டத்தில் 17ஆம் நூற்றாண்டு தொடக்கம் பெண்களும் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே செய்த கைவேலை அது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இயந்திரத் தெறி வந்து அந்தச் சீவியத்தை அழித்தது. ஷாஃப்ற்ஸ்பெரிப் பக்கத்தில் பல குடும்பங்கள் கப்பலேறிக் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போயின. திருப்பிப் பார்த்தேன். முடிச்சு எங்கே என்று தெரியவில்லை. செய்தவள் எந்தக் கப்பலில் போனாளோ.

போருக்குத் தப்பி நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டது 1995 ஒக்ரோபர் 30 இரவு. நெஸ்ரோமோல்ற் ரின் அலுமாரியிலேயே நின்றுவிட்டது. அம்மா அதைப் பற்றிப் பிறகு ஒருநாளும் கதைத்ததில்லை. காணி உறுதியை எடுத்தாச்சா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தா.

என் பிரசாவுரிமைச் சான்றிதழில் 2007 என்று இருக்கிறது. மகாராணியின் படத்துக்கு முன்னால் நின்று உறுதிமொழி சொல்லி வாங்கியது. சலவைக்கடைக்கு வருகிறவர்கள் "நீங்கள் உண்மையில் எந்த ஊர்?" என்று கேட்கும்போது பேர்மிங்ஹாம் என்பேன். "இல்லை, அதற்கு முந்தி?" என்பார்கள். கோபம் வந்த காலமும் இருந்தது. இப்போது அந்த இறப்பர்த் தெறிதான் ஞாபகம் வரும். 2007க்கு முன்னால் நான் இந்நாட்டவள் இல்லை. அந்த எண் சொல்வது அவ்வளவுதான்.

மூதாட்டி ஒருநாளும் என் ஊர் கேட்கவில்லை. போன மார்கழியில் அவருடைய மேலங்கித் தெறி கழன்று தொங்கியது. கொண்டுபோய்த் தைத்துவந்து கொடுத்தேன். தடித்த கம்பளித் துணி. இறுக்கித் தைத்தால் கிழிக்கும். நூலை இளக்கி விட்டு, நின்ற நூலைச் சுற்றிச் சுற்றிக் காம்பாக்கி, துணியின் உள்பக்கத்தில் சட்டைத் தெறி ஒன்றை அண்டை கொடுத்துத் தைத்திருந்தேன். அவர் மேலங்கியைப் போட்டுப் பார்க்கவில்லை. அதை உள்பக்கம் திருப்பினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தச் சின்னத் தெறியைப் பெருவிரலால் தடவிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"ஆர் உனக்குத் தைக்கப் பழக்கினது?" என்று கேட்டார்.