சொல்லும் ஆற்றலும்

ஒரு மொழியார் மனிதனின் ஆற்றலை எச்சொற்களாற் குறிக்கின்றனர் என்று ஆராயின், அவர்தம் உள்ளப்போக்கு ஒருவாறு புலப்படும். ஆங்கிலம் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

'இயலும்' என்னும் பொருளில் ஆங்கிலேயர் நாள்தோறும் வழங்கும் சொல் 'கேன்' என்பது. பழைய ஆங்கிலத்தில் இதற்கு அறிதல் என்பதே பொருள். அறிந்தவனே செய்ய வல்லவன் என்று அவர்தம் முன்னோர் கருதினர் போலும். 'அவனுக்கு நீந்தத் தெரியும்' என்று தமிழர் கூறுவதும் இக்கருத்தோடு ஒத்திருத்தல் காண்க. அவ்வேரினின்று தோன்றிய 'கன்னிங்' என்னும் சொல், முற்காலத்தில் அறிவையும் திறனையும் குறித்தது. பிற்காலத்தில் வஞ்சகத்தைக் குறிக்கலாயிற்று. 'கிராப்ட்' என்பதன் முதற்பொருள் வலிமை. அது கைத்தொழிலுக்குப் பெயராகிப் பெருமையோடு நிற்கிறது. அதன் வழிவந்த 'கிராப்டி' என்பதோ சூழ்ச்சிக்காரனைச் சுட்டுகிறது. அறத்தோடு கூடாத திறமை ஐயுறவுக்கு இடமாகும் என்பதை இவை உணர்த்துகின்றன அன்றோ?

'டாலன்ட்' என்பது பண்டைக் கிரேக்கர் வழங்கிய ஒரு நிறையின் பெயர். அந்நிறையுள்ள வெள்ளிக்கும் அதுவே பெயர். தலைவன் ஒருவன் தன் பணியாளர் மூவரிடம் அச்செல்வத்தை ஒப்படைத்ததாக விவிலியத்தில் ஓர் உவமை உண்டு. இருவர் அதனைப் பெருக்கினர். மூன்றாமவன் மண்ணிற் புதைத்து வைத்துக் கடியப்பட்டான். இவ்வுவமையால் அச்சொல் இயற்கைத் திறமையைக் குறிப்பதாயிற்று.

ஆற்றற் குறைவைச் சுட்டும் சொற்களின் வரலாறு வருத்தந் தருவது. பேச இயலாதவரைக் குறித்த 'டம்' என்னும் சொல் அறிவிலிக்கும் பெயராயிற்று. வாய் பேசாமை அறிவின்மை அன்று. வழக்கு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. 1910ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலறிஞர் ஹென்றி காடார்டு, 8 முதல் 12 வயதுச் சிறுவர்க்குரிய மனவளர்ச்சியோடு நின்ற பெரியவர்களைக் குறிக்க, மடமை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று 'மோரான்' என்னும் பெயரைப் படைத்தார். அறிஞர் ஏட்டிற் பிறந்த அச்சொல் தெருவில் வசைமொழியாயிற்று. பின்னர், தாமதித்தல் என்னும் பொருளுடைய 'ரிடார்டேஷன்' என்பதை மென்மையானதெனக் கருதி வழங்கினர். அதுவும் வசையாயிற்று. 2010இல் அமெரிக்காவில் ரோசா என்னும் சிறுமியின் பெயரால் இயற்றப்பெற்ற சட்டம், கல்வி, நலவாழ்வு, தொழில் பற்றிய கூட்டாட்சிச் சட்டங்களினின்று அச்சொல்லை நீக்கி, 'அறிவுத்திறன் குறைபாடு' எனப் பொருள்படும் தொடரை அமைத்தது.

பெயரை மாற்றுதல் நன்றே. ஆயினும், இகழும் உள்ளம் மாறாவிடின் புதுச்சொல்லும் நாளடைவிற் பழையதன் வழியே செல்லும். ஆதலின் மாணவர், ஒருவருக்கு என்ன தெரியாது என்று எள்ளுவதை விடுத்து, என்ன தெரியும் என்று அன்போடு வினவும் பழக்கத்தை மேற்கொள்வாராக.