மேலே போய்க் கேளுங்க, அண்ணாச்சி

காவிரிக்குக் கர்நாடகம், பாலாற்றுக்கு ஆந்திரம் என்று விரல் நீட்ட ஓர் எல்லை இருக்கிறது. தாமிரபரணிக்கு அது கிடையாது. பொதிகையில் பிறந்து, திருநெல்வேலி, தூத்துக்குடி என்று இரண்டே மாவட்டங்களில் சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னக்காயலில் கடலோடு சேர்ந்துவிடுகிறது. ஆனாலும் கரையோரம் எந்த ஊரில் குறை கேட்டாலும் சொல்கிறவர் கை மேற்கே நீளும்.

அப்படிக் கை நீட்ட மேற்கே யாரும் இல்லாதவர்கள் மாஞ்சோலைக்காரர்கள். துணையாறான மணிமுத்தாற்றுக்கு மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என வரிசையாகத் தேயிலைத் தோட்டங்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 வருடக் குத்தகைக்கு விட்ட காடு அது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு அங்கே ஒரு சென்ட் நிலம் சொந்தமில்லை. குடியிருக்கும் லைன் வீடும் வேலை இருக்கும்வரைதான். குத்தகை 2028 வரை இருக்க, 2024-லேயே குத்தகை எடுத்த கம்பெனி விருப்ப ஓய்வுப் படிவத்தை நீட்டிவிட்டது. "யானை இருக்கலாம், புலி இருக்கலாம், நாங்க மட்டும் ஆகாதா?" என்கிறார் அங்கேயே பிறந்து வளர்ந்த ஓர் அம்மா. கீழே இறங்கினால் பிழைக்க அவருக்குத் தெரிந்த வேலை எதுவும் இல்லை.

பாபநாசத்தில் பரிகாரம் செய்கிறவர்கள் உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிறார்கள். பாவம் கரைகிறதோ என்னவோ, பாலியஸ்டர் கரைவதில்லை.

அம்பாசமுத்திரத்து வயல்களைத் தாண்டிப் பத்தமடை. கோரையைக் கீறி, ஓடும் தண்ணீரில் ஊறப் போட்டு, இழை இழையாகப் பிரித்து, மணமக்கள் பெயரையும் சேர்த்து நெய்கிற கல்யாணப் பாய்க்குப் பேர்போன ஊர். பட்டுபோல மடங்கும் ரகத்தை நெய்து முடிக்க வாரக்கணக்காகும். தறியில் குனிந்திருப்பவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியப் பெண்கள். கடையில் பாய் விற்கும் விலையையும் கைக்கு வரும் கூலியையும் அவர்கள் அடுத்தடுத்துச் சொல்லும்போது கேட்கிற நமக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. மகள்கள் யாரும் தறிப்பக்கம் வருவதில்லை. ஏன் வர வேண்டும்?

திருநெல்வேலியில் ஊர்ச் சாக்கடை ஆற்றில் இறங்குகிறது. கொக்கிரகுளத்தில், ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டி ஓடும் ஆற்றுக்கு அதைவிடக் கனமான ஒரு கணக்கும் உண்டு. மாஞ்சோலைத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், சிறையிலிருந்தவர்களின் விடுதலைக்காகவும் 1999 ஜூலை 23 அன்று ஊர்வலம் வந்தது. போலீஸ் தடியடி நடத்த, கூட்டம் ஆற்றில் இறங்கியது. 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. வருடந்தோறும் அந்த நாளில் கட்சிகள் வரிசைகட்டி வந்து ஆற்றில் மலர் தூவுகின்றன. தோட்டத்தில் நிலம் தருவதைப் பற்றிப் பேச இத்தனை வரிசை நின்று நான் பார்த்ததில்லை.

எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். வாழைக்காரர்கள் கோபமெல்லாம் "இருபது எம்ஜிடி"யின் மேல்தான். நாளொன்றுக்கு 2 கோடி காலன், அதாவது ஒன்பது கோடி லிட்டர் தண்ணீரைத் தூத்துக்குடி ஆலைகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் அது. "எங்களுக்கு மட்டும் முறை வச்சுத் தண்ணி, கம்பெனிக்கு முறை உண்டா? மேலே போய்க் கேளுங்க, அண்ணாச்சி" என்கிறார் ஒருவர். 2023 டிசம்பரில் அதே ஆறு ஊருக்குள் புகுந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோக, பக்கத்துப் புதுக்குடி மக்கள் வீட்டு அரிசியைப் போட்டுப் பயணிகளுக்குச் சமைத்தார்கள். அவர்கள் வீட்டிலும் அன்று வெள்ளக் கஷ்டம்தான். அதைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை.

புன்னக்காயலில் கேள்வியே வேறு. வெள்ளநீர் கடலில் வீணாகக் கலப்பதாகச் சொல்லித்தான் சாத்தான்குளம், திசையன்விளை பக்கத்து வறண்ட நிலங்களுக்குக் கால்வாய் வெட்டினார்கள். அந்த நிலங்களைப் பார்த்தவன் அதைத் தப்பென்று சொல்ல மாட்டான். ஆனால் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவருக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. நல்ல தண்ணீர் வந்து கலக்கும் முகத்துவாரத்தில்தான் மீனும் இறாலும் குஞ்சு வளரும், அது வராத வருடம் தொழில் படுத்துவிடும் என்றார். "வயலுக்குப் போனா பாசனம், எங்களுக்கு வந்தா வீணா? இதை யாரு கணக்குப் போட்டா?"