ஊறப்போட்ட அப்பளம்

அத்தை ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்றார். பிறகு தட்டை என் பக்கமே நகர்த்திவிட்டு, “ஊறப்போட்ட அப்பளம் மாதிரி இருக்குது கண்ணு” என்றார்.

2025 ஜூன் மாதம், சித்தூரில் ஒரு மத்தியானம். மின்விசிறி சூட்டைச் சுற்றிச் சுற்றி எங்கள் மேலேயே போட்டுக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் பனிக்கட்டி நிரப்பி நான் சுமந்து வந்த ஃபிலோவுக்கு வந்த கதி அது.

ஃபிலோ என்றால் கிரேக்கத்தில் இலை. மைதா, தண்ணீர், கொஞ்சம் எண்ணெய், இவ்வளவுதான் சரக்கு. அதைக் காகிதத்தைவிட மெல்லிசாக இழுத்து, ஏட்டின்மேல் ஏடு வைத்து, ஒவ்வொன்றுக்கும் நெய்யோ வெண்ணெயோ தடவிச் சுட்டால் சருகு மாதிரி நொறுங்கும். பக்லவா அப்படித்தான் பிறக்கிறது. சுட்ட ஏடுகளுக்கு நடுவே பழமும் க்ரீமும் வைத்துப் பரிமாறுவது இன்னொரு வகை. ஒரு வருடமாக எனக்கு அந்தப் பைத்தியம். சென்னையில் என் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் அதைத் தின்னாமல் தப்பியதில்லை. அத்தையின் பேத்திக்குப் பிறந்தநாள் என்று செய்தி வந்ததும் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். உடன் அரை டஜன் இமாம்பசந்து.

இமாம்பசந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சேலத்துக்காரன். மாம்பழ விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களின் திமிர் கொஞ்சம் அதிகம். சித்தூர் என்றால் எனக்குக் கூழ்த் தொழிற்சாலை, அவ்வளவுதான். கிளிமூக்கு மாங்காயை ஏற்றிய லாரிகள் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும். உள்ளே கூழாகி, டப்பாவில் அடைபட்டு, கப்பலேறும். அங்கே அதைத் தோத்தாபுரி என்கிறார்கள், பெங்களூரா என்கிறார்கள். எங்கள் பக்கம் அதைப் பழமாக யாரும் மதிப்பதில்லை. காயாக இருக்கும்போது கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, பஸ் ஸ்டாண்டில் விற்பார்கள். பழுத்ததைக் கொண்டுபோய் விருந்தில் வைத்தால் வீட்டுக்கு ஆகாது.

பையைத் திறந்து பழத்தைப் பார்த்ததும் மாமா சிரித்தார். “செக்போஸ்ட்ல விட்டானுங்களா?”

அந்த மாதம் 7ஆம் தேதிதான் வெளி மாநிலத்துத் தோத்தாபுரி மாவட்டத்துக்குள் வரக்கூடாது என்று சித்தூர் நிர்வாகம் உத்தரவு போட்டிருந்தது. தமிழ்நாட்டு எல்லை, கர்நாடக எல்லை இரண்டிலும் காவல். கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதமே எழுதிவிட்டார். விளைச்சல் கொட்டோ கொட்டென்று கொட்டி, விலை சரிந்து கிடந்தது. ஆலைக்காரர்கள் கிலோவுக்கு 8 ரூபாய், அரசாங்கம் மேலே 4 ரூபாய், ஆக 12 ரூபாய் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். “அதுவும் ஆலைக்குள்ள வண்டி போனாத்தானே” என்றார் மாமா. இமாம்பசந்துக்குத் தடை ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஆறு பழத்தோடு எல்லை தாண்டிய எனக்குக் கடத்தல்காரனின் பெருமிதம் வந்தது.

என் தாத்தா இருந்திருந்தால் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பார். ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டத்தை வாழ்நாள் முழுக்கப் பேசித் தீர்த்தவர் அவர். 1960இல் திருத்தணி நம் பக்கம் வந்ததைச் சொல்லும்போது குரல் உயரும். சித்தூரும் திருப்பதியும் வராததைச் சொல்லும்போது கண் கலங்கும். அப்படிப்பட்டவர் சொந்த மகளைச் சித்தூரிலேயே கட்டிக்கொடுத்தார். நாற்பது வருடமாக அத்தை பாதித் தமிழிலும் பாதித் தெலுங்கிலும் குடும்பம் நடத்துகிறார். அந்த வீட்டுக்குள் எல்லை எங்கே இருக்கிறது என்று எந்தக் கமிஷனாலும் சொல்ல முடியாது.

சரி, அப்பளத்துக்கு வருகிறேன்.

உறைந்த ஃபிலோவை இரவு முழுக்க ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து மெதுவாக இளக விட வேண்டும். அவசரப்பட்டால் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். திருப்பதியில் இறங்கும்போதே பெட்டியில் பனிக்கட்டி தண்ணீராகிவிட்டது. ஒரு பொட்டலம் இன்னும் கெட்டியாக இருந்ததால் அது அத்தையின் ஃப்ரீசருக்குள் போனது. மற்றதைப் பிரித்தால் ஓரமெல்லாம் பசை. பிரிந்து வந்த நல்ல ஏடுகள் பத்துக்கூட இராது. காற்றுப் பட்டால் நிமிடத்தில் காய்ந்து உடையும் என்பதால் ஈரத்துணி போட்டு மூடினேன். துணியில் ஈரம் கொஞ்சம் அதிகம். மேல் ஏடு அதிலேயே ஒட்டிக்கொண்டது. ஒருவழியாக நெய் தடவி, சதுரமாக வெட்டி, அத்தையின் சின்ன அவனில் 180 டிகிரியில் சுட்டெடுத்தபோது பொன்னிறமாக உப்பி வந்ததே, அந்தப் பத்து நிமிடம் நான் ராஜா.

க்ரீம் என்னைக் கவிழ்த்தது. அடித்தால் நுரைத்து நிற்க வேண்டுமென்றால் கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், குளிர்ச்சியும் வேண்டும். தெருமுனைக் கடையில் கிடைத்த பொட்டலத்தில் 25 சதவீதம். சித்தூர் வெயில் வேறு. அடிக்க அடிக்க அது மோராகத்தான் ஆனது. அதன்மேல் என் பெருமைக்குரிய இமாம்பசந்து. அந்தப் பழத்தின் அருமையே அதன் சாறுதான். அன்று அந்தச் சாறுதான் எமன். கேக் வெட்டி, பாட்டுப் பாடி, என் தட்டுகள் கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் அடுக்குகள் படுத்துவிட்டன. பிறந்தநாள்காரி மாம்பழத்தை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு ஓடிவிட்டாள்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அத்தையும் அவரும் ஒருவரையொருவர் ‘வதினா’ என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள், தெலுங்கில் அண்ணி. அவருக்குக் கோதாவரிப் பக்கம். கணவரின் உத்தியோகத்துக்காகச் சித்தூர் வந்து இருபது வருடத்துக்கு மேல். என் தட்டிலிருந்து ஓரமாக ஒரு துண்டை விரலால் எடுத்துப் பார்த்தார், தின்னவில்லை. “இது நம்ம ரேகு மாதிரியே இருக்கு. ஆனா ஏன் இதைத் தண்ணியில நனைச்சீங்க?”

ரேகு என்று அவர் சொன்னது பூதரேகுலுவை. முந்தின நாள் சாயங்காலம் திருப்பதி பஸ் நிலையத்தருகே அதில் ஒரு பெட்டி வாங்கித் தின்றிருந்தேன். வாயில் போட்டதும் காகிதம் கரைந்த மாதிரி இருந்தது, பிறகு வெல்லம், பிறகு ஒன்றுமில்லை. உலகம் கொண்டாடும் ஏடு எங்கே, இது எங்கே என்று நினைத்துக்கொண்டேன். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. என் மேதாவித்தனத்தைக் காட்ட, “பூவிதழ் மாதிரி இருக்கிறதால அந்தப் பேரா?” என்று கேட்டேன்.

“பூ இல்ல. பூத. பூசறது. பானைமேல பூசி எடுக்கிற ரேகு.” இலை, இதழ், தகடு எல்லாமே அவர்களுக்கு ரேகு.

பூசிக் காட்டுங்கள் அக்கா என்றேன். காட்டினார்.

பின்கட்டில் கவிழ்த்து வைத்த மண்பானை. பழகிப் பழகி அதன் முதுகு கண்ணாடியாகியிருந்தது. பக்கவாட்டுத் திறப்பில் காய்ந்த தென்னை ஓலையை ஒவ்வொன்றாகச் செருகி எரித்தார். ஓலைத் தீ குபீரென்று எரிந்து உடனே அடங்கும், பானை ஒரே சூட்டில் நிற்கும். ஊறவைத்து அரைத்த அரிசிமாவு நீர்மோர் பதத்தில். ஒரு வெள்ளைத் துணியை இரண்டு மூலையிலும் பிடித்து மாவில் நனைத்து, பானையின் முதுகில் ஒரே இழுப்பு. சுர்ரென்றது. நான் இமைப்பதற்குள் ஓரம் தானாக எழும்பியது. விரல் நுனியால் உரித்து எடுத்தார். அந்தப் பக்கம் இருந்த தீ அதன் வழியாகத் தெரிந்தது.

என் ஃபிலோவை மனதுக்குள் மன்னிப்புக் கேட்க வைத்தேன்.

என்ன அரிசி என்று கேட்டதற்கு ஜயா என்றார். ஊரிலிருந்து வரவழைக்கிறார், வேறு அரிசியில் ரேகு கிழியுமாம். தங்கள் ஊர்ப் பக்கத்து ஆத்ரேயபுரத்தில் இதுதான் காலங்காலமாக என்றார். அங்கேதான் எனக்கு உறுத்தியது. ஜயா என்பது 1968இல் வெளியிட்ட குட்டை ரகம், பசுமைப் புரட்சியின் பிள்ளை. ஆத்ரேயபுரத்துப் பூதரேகுலுவுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்படியானால் 1968க்கு முன்னால் எந்த அரிசி அக்கா? அவர் துணியை நனைத்துக்கொண்டே, “எங்க பாட்டியைத்தான் கேக்கணும். அவங்க இல்ல” என்றார்.

எனக்கும் துணியைக் கொடுத்தார். என் முதல் ரேகு வரைபடத்தில் இலங்கை மாதிரி வந்தது. அடுத்ததைப் பானை விடமாட்டேன் என்றது. ஏழு கிழித்து, நடுவிரல் நுனியைச் சுட்டுக்கொண்ட பிறகு எட்டாவது முழுசாக வந்தது. அது மற்றவற்றைவிடத் தடிமன் என்பதை அக்கா சொல்லாமல், ஓரமாக எடுத்து வைத்துச் சொன்னார்.

மடிக்கும்போதுதான் அந்த ஈரத்துணி மறுபடி வந்தது. அப்படியே மடித்தால் ரேகு நொறுங்கும். ஈரத்துணியை லேசாகத் தொட்டு எடுத்தால் பட்டு மாதிரி இளகும். நான் காயாமலிருக்கப் போட்டு மூடியதை அவர் ஒரு தொடுகையோடு நிறுத்திவிட்டார். இரண்டு ரேகு விரித்து, நெய் தெளித்து, ஏலக்காய் போட்டுப் பொடித்த சர்க்கரையைத் தூவி, வேட்டி மடிப்பதுபோல் மடித்து நீட்டினார். சூடு ஆறாத நெய். திருப்பதிப் பெட்டியில் தின்றது இதன் தூரத்து உறவு என்றுகூடச் சொல்ல மாட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். அத்தை விடவில்லை. “வதினா, இதுலயே மாம்பழமும் பாலாடையும் வெச்சு மடிச்சா என்ன?”

பக்கத்து வீட்டு அக்காவின் முகம் மாறியது. “மீகடா? ரேகுலயா?” மீகட என்றால் தெலுங்கில் பாலாடை. ரேகுவுக்கு நெய்யும் சர்க்கரையும், வேண்டுமானால் முந்திரி. தண்ணீருள்ள எதுவும் அதற்குப் பகை என்றார். எல்லாம் காலத்துக்குத் தகுந்தாற்போல் மாறும் என்றார் அத்தை. அதற்கு இவர், மாறட்டும், என் பானையில் வேண்டாம் என்றார். தெலுங்கு வேகம் கூடியது, எனக்குப் பாதிதான் பிடிபட்டது. இரண்டு வதினாக்களும் இனி பேசிக்கொள்ள மாட்டார்களோ என்று பயந்தேன். அத்தை சட்டென்று எழுந்து உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தார். மாமிடி தாண்ட்ர. மாங்கூழைப் பாயில் மெல்லிசாகப் பூசி, வெயிலில் காயவிட்டு, காய்ந்ததன்மேல் மறுபடி பூசி, படிப்படியாகத் தடித்த கருஞ்சிவப்புப் பாளம். “இதுல தண்ணி எங்க இருக்குது, சொல்லு.”

அக்கா யோசித்தார். தாண்ட்ரவும் அவர் ஊர்ச் சரக்குதான். மறுக்க வழியில்லை.

எந்த மாம்பழத்தில் செய்தது என்று நான் கேட்டேன். தோத்தாபுரி என்றார் அத்தை. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் மிளகாய்த்தூள் பூசிக்கொண்டு நிற்கும் அதே கிளிமூக்கு. சாறு குறைச்சல், சதை கெட்டி, இனிப்போடு ஒரு புளிப்பு. இமாம்பசந்தைக் கூழாக்கிக் காயவைத்தால் இப்படி வருமா என்று அத்தை கேட்டபோது சேலத்தின் சார்பில் நான் வாய் திறக்கவில்லை.

தாண்ட்ரவைத் தீக்குச்சி அளவுக்கு நறுக்கினோம். காலையில் காய்ச்சிய எருமைப்பாலின் ஏட்டை எடுத்து, மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடியவைத்தார் அத்தை. அக்கா ரேகு மடித்துக் கொடுக்க, அத்தை உள்ளே வைக்க, அடுப்பருகிலேயே நின்று தின்றோம். கூடத்துக்குக் கொண்டுபோகும் தூரத்தைக்கூட அது தாங்காது. முதலில் நொறுங்கல், அடுத்து பாலேட்டின் கொழுகொழுப்பு, கடைசியில் பல்லில் இழுக்கும் மாம்புளிப்பு. நான் ஒரு வருடமாக ஏசி அறையில் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்.

அக்கா ஒன்று தின்றார். “பரவாலேது” என்றார். பரவாயில்லை. அவ்வளவுதான். பிறகு தனக்கென்று ஒன்றை வெறும் நெய்யும் சர்க்கரையுமாக மடித்துக்கொண்டார். குழந்தைகள் அவரைத்தான் சுற்றி நின்றன. என் ஓட்டைக் கேட்டால், பாலேடும் தாண்ட்ரவும் வைத்தது நான்கு நிமிடத்துக்கு உலகத்திலேயே சிறந்த பலகாரம். ஐந்தாவது நிமிடத்திலிருந்து அக்காவின் கட்சிதான் சரி.

மறுநாள் கிளம்பும்போது அத்தை ஒரு பை நிறையத் தோத்தாபுரி கொடுத்தார். இந்தப் பக்கமாகப் போவதற்குத் தடை இல்லை. ஃபிலோவின் இரண்டாவது பொட்டலம் இன்னும் அவர் ஃப்ரீசரில், மீனுக்கு அடியில் கிடக்கிறது. சித்தூர்ப் பக்கம் போகிறவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், எடுத்து வைக்கச் சொல்கிறேன்.