அக்காவின் எண் ஆறு

மருத்துவ ஆய்வாளர் யாராவது எங்கள் வானொலிக்கு விருந்தினராக வருகிறார் என்றால், அவரைப் பற்றிய குறிப்பு முதல் நாளே வந்துவிடும். ஆய்வுக் கட்டுரைகள் இத்தனை, மேற்கோள்கள் இத்தனை, எச்-இன்டெக்ஸ் இவ்வளவு. நேயர்களிடம் அதை வாசித்தால் லாரியில் ஏற்றிய சரக்கின் எடையைச் சொன்ன மாதிரிதான் இருக்கும். பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவேன்.

என் பெரியப்பா மகளின் வேலையே அந்தக் கடைசி எண்ணில் தொங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் அது என்னவென்று உட்கார்ந்து படித்தேன்.

ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் கொண்டுவந்த கணக்கு அது. ஒருவர் எழுதியவற்றில் பத்துக் கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 10. பதினொன்றுக்கு ஏற, பதினொரு கட்டுரைகளுக்கும் தலா 11 வேண்டும். ஒரே கட்டுரை எழுதி, அது ஐயாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் எண் 1தான்!

இந்த இடத்தில் எனக்கு நிப்பா ஞாபகம் வந்தது. நெகிரி செம்பிலான் பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் காய்ச்சல் கண்டு மயங்கி விழுந்தபோது, கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே நினைத்தார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பயிற்சியில் இருந்த டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளியிடமிருந்து பிரித்தெடுத்த கிருமியை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கே கொண்டுபோனார். அது புதிய வைரஸ். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டு நோய் அடங்குவதற்குள் நம் நாட்டில் 105 பேர் இறந்துவிட்டார்கள். சிங்கப்பூரில் இறைச்சிக் கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்குத் தொற்று, ஒருவர் மரணம்.

அந்தக் கண்டுபிடிப்பு 'சயின்ஸ்' ஆய்விதழில் கட்டுரையாக வந்தது 2000-இல். இன்றைக்கும் நிப்பா பற்றி எழுதுகிறவர்கள் அதைத் தொடாமல் போவதில்லை. ஆனால் புகை அடிப்பதை விட்டுப் பன்றிகளைக் கவனித்தது அதற்கு ஓராண்டு முன்னால். அப்போது மேற்கோள் கணக்கு பூஜ்யம்.

இன்னொரு பக்கமும் உண்டு. தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு, 12 பிள்ளைகளை மட்டும் வைத்து 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் குழு 'லான்செட்'டில் எழுதியதை அந்த இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதையும் ஏராளமானவர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், பலர் தவறு என்று சொல்வதற்காகவே. எண்ணிக்கைக்குத் திட்டும் ஒன்று, பாராட்டும் ஒன்று.

சரி, அக்கா விஷயம். சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் கால்புண் அவர் ஆய்வு. தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த குடும்பங்களில் எத்தனை மாமாக்கள் கால் விரலை இழந்திருக்கிறார்கள் என்று நம் வீடுகளில் கேட்டாலே தெரியும். கிளினிக் தாதியர் காலைப் பரிசோதிக்க ஒரு பக்க வழிமுறை தயாரித்திருக்கிறார். மூன்று கிளினிக்குகளில் சுவரில் ஒட்டியிருக்கிறது. சுவரில் ஒட்டியதை யாரும் மேற்கோள் காட்டமாட்டார்கள். உள்ளூர் இதழில் வந்த கட்டுரைகளையும் வெளிநாட்டில் யார் தேடிப் படிக்கிறார்கள்?

அவருடைய எண் 6. ஒப்பந்தம் நீட்டிக்க 8 வேண்டுமாம். "வெளிநாட்டுக் குழுவோட சேர்ந்து மரபணு ஆய்வுக்குப் போயிடுங்க, சீக்கிரம் ஏறும்" என்று துறையில் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, அதுதான் நடைமுறை.

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாத காலத்தில் யாருக்கு யார் வேண்டியவர் என்று பார்த்துதான் பதவி போனது. ஆனால் நேர்காணல் குழுவில் ஒருவராவது அந்தக் கட்டுரைகளைத் திறந்து படிக்கக்கூடாதா?

பெரியம்மா சொன்னார், "அவ எப்பவும் கால், புண்ணுன்னே பேசுறா, மாத்திக்கச் சொல்லுப்பா." நான் சொல்லவில்லை. அக்கா விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார். 'தாக்கம்' என்ற கட்டத்தில் மூன்று கிளினிக்குகளின் பெயரை எழுதப் பார்த்தாராம். எண்களை மட்டும்தான் அது ஏற்றுக்கொண்டது.