பெட்ரோல் தொட்டி

தந்தையார் விட்டுச்சென்ற அம்பாசிடர் வண்டியில் ஒருநாள் பெட்ரோல் நாற்றம் வீசிற்று. குனிந்து நோக்கினேன், பின்புறத்துப் பெட்ரோல் தொட்டி துருவேறிக் கசிந்துகொண்டிருந்தது.

"பெட்ரோலை வடித்துவிட்டு ஓட்டையைப் பற்றவைத்தால் போதாதா, ஐயா?" என்று முதிய மெக்கானிக்கை வினவினேன்.

"ஆகாது, தம்பி! தீப்பற்றுவது பெட்ரோலின் ஆவியே. நிறைந்த தொட்டியினும் வெறுந்தொட்டியே கொடிது. அதனுள் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். ஒரு பொறி பட்டால் வெடித்துவிடும்" என்றார் அவர்.

அவ்வண்டியின் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆகவே, பிறர் செய்து விற்கும் தொட்டியையே வாங்க நேர்ந்தது. சற்றுப் பெரியதாக வாங்கலாமே என்றேன். "வண்டியை மனம் போனபடி மாற்ற 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இடந்தராது. அதுமட்டுமா? தொட்டிக்கு அருகே பின்னிருக்கையில் அமர்வோர் யார்?" என்றார். என் குழந்தைகள் நினைவுக்கு வந்தனர்; வாயடைத்து நின்றேன்.

பழைய அளவிலேயே புதுத் தொட்டி வந்தது. அவர் முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றினார். காற்றுப் புகும் குழாயைச் சோதித்தார். நைந்த ரப்பர்க் குழாய்களை மாற்றினார். இறுதியில், இணைப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக் கசிவின்மை கண்டார்.

வண்டியின் அடியில் அவர் செய்த வேலையை எவரும் காணார். ஆயினும், அதனை நம்பியே நாங்கள் பயணம் செய்கிறோம்.