இருபது வருஷத் தவணை

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் சாலையில் மேற்கே வந்தால் படப்பை தாண்டியதுமே விளம்பரப் பலகைகள் தொடங்கிவிடும். ஒரகடம் மேம்பாலம் வரைக்கும் கம்பெனிப் பெயர்களும் குடியிருப்புப் பெயர்களும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். ரெனோ நிசான், டெய்ம்லர், அப்பல்லோ டயர்ஸ், ராயல் என்ஃபீல்டு என்று ஒரு பக்கம். நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், பிள்ளையைத் தோளில் தூக்கிச் சிரிக்கும் அப்பா என்று இன்னொரு பக்கம். கம்பெனிகள் வந்ததால் ஆட்கள் வந்தார்கள், ஆட்கள் வந்ததால் வீடுகள் வந்தன. அப்படி வந்த ஆட்களில் நானும் ஒருவன். கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரப் பிரிவில் இருக்கிறேன். கொஞ்ச காலமாக எங்கள் வீட்டுப் பேச்செல்லாம் ஒரே விஷயம்தான்: ஒரகடத்துக்குச் சற்றுத் தள்ளி, மதிலுக்குள் எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு குடியிருப்பில், சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் ரோ ஹவுஸ் ஒன்றை வாங்குவதா, வேண்டாமா.

வாடகையாகக் கொடுக்கிற காசைத் தவணையாகக் கட்டினால் வீடு சொந்தமாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் கணக்கில் அது ஒத்துவரவில்லை. படப்பையில் இப்போது இருக்கும் வீட்டுக்கு வாடகை 14,000 ரூபாய். முதலில் பார்த்த மூன்று படுக்கையறை வீட்டுக்கு 60 லட்சம் கடன் வேண்டும். எட்டரை விழுக்காடு வட்டி, இருபது வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 52,000. கடைசித் தவணை கட்டும்போது வங்கிக்குப் போயிருப்பது ஒன்றேகால் கோடி. இதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, கட்டி முடித்த சான்று வருவதற்கு முன்பே வாங்கினால் ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு. குடிபோன பிறகு மாதாமாதம் பராமரிப்புப் பணம் வேறு. காசுக் கணக்கு மட்டும்தான் என்றால் நோட்டை அப்போதே மூடியிருக்கலாம்.

என் மனைவி வேறு கணக்கு வைத்திருந்தாள். “வாடகை எவ்வளவு, தவணை எவ்வளவுன்னு நான் பார்க்கலைங்க. பாப்பா பன்னிரண்டாவது முடிக்கிற வரைக்கும் யாரும் வந்து வீட்டைக் காலி பண்ணுங்கன்னு சொல்லக்கூடாது. எனக்கு அது போதும்.” வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று ஒருமுறை, வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம் என்று ஒருமுறை, நடுக் கல்வியாண்டில் நாங்கள் மூட்டை கட்டியிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் மகளுக்குப் பள்ளி மாறியது. அவள் சொன்னதில் மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் வட்டியை விட அந்த இருபது வருஷம்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. இந்தத் தொழில் தடத்தில் எந்தக் கம்பெனிக்கு இருபது வருஷம் உத்தரவாதம்? இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் சான்ட்ரோ காரோடு தொடங்கிய ஹூண்டாய் இன்றும் ஓடுகிறது. அதை நம்பி வீடு வாங்கியவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். அதே ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் எட்டாயிரம் பேர் வரை நேரடி வேலையில் இருந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், அதிலும் பெண்கள் அதிகம். நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டிருந்ததால் இந்த ஆலை மட்டும் விற்பனைக்கு வெளியே நின்றுபோனது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. ஒன்பது வருஷம்கூட நிறையவில்லை. மறைமலை நகரில் ஃபோர்டு 2021 செப்டம்பரில் வெளியேறுவதாக அறிவித்தது, அடுத்த ஆண்டு ஆலை நின்றது. 2010-இல் ஒரகடத்தில் சேர்ந்தே கால் வைத்த ரெனோவும் நிசானும்கூட 2025-இல் பிரிந்தன. நிசான் தன் பங்கை ரெனோவுக்கு விற்றுவிட்டது.

நோக்கியா இருந்த இடத்தை சால்காம்ப் எடுத்து 2020-இல் மறுபடி ஓட்டியது. ஃபோர்டும் திரும்பி வருகிறது என்கிறார்கள். பகுதி எப்படியும் பிழைத்துக்கொள்கிறது, ஒன்று போனால் இன்னொன்று வருகிறது. அதைக் காட்டித்தான் விற்பனையாளர்கள் தைரியம் சொல்கிறார்கள். ஆனால் 2014-இல் வேலை போனவர் வீட்டுத் தவணையை 2020-இல் வந்த கம்பெனி கட்டவில்லை. இந்தப் பகுதியில் மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்த மூத்தவர் ஒருவர் இருக்கிறார். கம்பெனி கொடுத்த ஈட்டுத் தொகை முழுவதும் வீட்டுக் கடனுக்கே போயிற்று, வீட்டைக் காப்பாற்றிவிட்டேன் என்பார். பழைய சம்பளத்தில் பாதிக்கு ஒப்பந்தத்தில் சேர்ந்து, பெண்ணின் கல்லூரிச் செலவுக்கு ஊரில் இருந்த நிலத்தை விற்றதையும் சொல்வார்.

விற்பனை அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் உடனே வருங்காலத்துக்குப் போய்விடுகிறார்கள். “ஏர்போர்ட் வந்துட்டா இந்த ரேட்டை நினைச்சே பார்க்க முடியாது சார்.” பரந்தூர் விமான நிலையம், பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூருக்கு நீளும் மெட்ரோ, எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை போகும் சென்னை எல்லைச் சாலை என்று சுவரில் ஒரு பெரிய வரைபடம். அதில் எல்லாமே ஏற்கெனவே கட்டி முடித்த மாதிரி கெட்டியான கோடுகளாக இருக்கின்றன. 2022-இல் பரந்தூர் அறிவிப்பு வந்ததிலிருந்து, விமான நிலையத்துக்கு நிலம் கேட்கப்படும் ஏகனாபுரத்து மக்கள் தங்கள் ஏரியும் நஞ்சையும் போகக்கூடாது என்று போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஊர் தன் வீடுகளைக் காப்பாற்றப் போராடும்போது அந்த ஊர் காலியாவதைக் கணக்கில் வைத்து நான் வீடு வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. விமான நிலையம் வரலாம், வராமல் போகலாம். எங்கள் முடிவு அதை நம்பி இருக்கக்கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.

அப்படியானால் எதை நம்பி? நானும் அவளும் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டோம். நாளைக்கு என் கம்பெனி இங்கே இல்லை என்றாலும் நாம் இந்த வீட்டில் இருப்போமா? ஆம் என்றால் வாங்கலாம். வேலைக்குப் பக்கம் என்பது மட்டுமே காரணம் என்றால் வேண்டாம்.

இந்தக் கேள்வியோடு மாதிரி வீட்டுக்குப் போனபோது பார்வையே மாறிவிட்டது. இரண்டு பக்கமும் அடுத்த வீடு ஒட்டி நிற்கும் நடு வீடு அது. பளிங்குத் தரை, உயரமான கதவு, எல்லா அறையிலும் பளிச்சென்று விளக்கு. காலை பதினொரு மணி. என் மனைவி ஒன்றும் பேசாமல் ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். முன்னறையிலும் பின்னறையிலும் வெளிச்சம் இருந்தது. நடுவில், சாப்பாட்டு மேசை போட்டிருந்த இடத்தில், சுவரில் மாட்டியிருந்த படத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. கையோடு கொண்டுபோன மகளின் கணக்கு நோட்டை மேசையில் விரித்து, “இதைப் படிங்க பார்ப்போம்” என்றாள். கண்ணை இடுக்கித்தான் படிக்க முடிந்தது. கூட வந்த பையன் அவசரமாக விளக்கைப் போட்டான்.

சுவரோடு சுவர் ஒட்டிய வீடு இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுற்றிய தெருக்களில் பழைய வீடுகள் அப்படித்தான் நிற்கின்றன. முகப்பு குறுகல், உள்ளே நீளம். ஆனால் அந்தக் காலத்துக் கொத்தனார் நடுவில் முற்றம் விட்டார். வெயிலும் மழையும் காற்றும் வீட்டு மத்தியில் வந்து இறங்கின. இன்றைய ரோ ஹவுஸில் அந்த முற்றத்தின் சதுர அடியும் விலைக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் குளியலறையும் புகைபோக்கி மாதிரி ஒரு சந்தும் இருக்கின்றன. வரிசைக் கடைசி வீட்டில் மூன்றாவது பக்கமும் ஜன்னல் உண்டு, ஒட்டுச்சுவர் ஒன்றுதான். ஆனால் அறை ஒன்று குறையும். அன்றைக்கே எங்களுக்கு நடு வீடு வேண்டாம் என்று தெளிவாகிவிட்டது.

அப்பாவை அழைத்துப் போனது அம்பாசமுத்திரத்திலிருந்து அவர் வந்திருந்த சமயத்தில். அவர் வீட்டுக்குள் நுழையவே இல்லை. வேலிப் பக்கமாக நடந்துபோய் ஏரிக்கரையைப் பார்த்தார், குனிந்து மண்ணை எடுத்து விரலில் தேய்த்தார். “யய்யா, இது நஞ்சைல்லா. கரைக்குக் கீழ இருக்கு. மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கமா போவும்னு கேட்டியா?” நான் ரெரா என்ற மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு எண் கேட்டிருந்தேன், பட்டா கேட்டிருந்தேன், முப்பது வருஷ வில்லங்கம் போட்டிருந்தேன். தண்ணீரின் வழியைக் கேட்கவில்லை. அதைக் கேட்க அப்பா வேண்டியிருந்தது.

காஞ்சிபுரம் பக்கம் ஏரிகளின் நாடு. ஒரு ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்தது. படப்பை, மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து உபரிநீரெல்லாம் சேர்ந்துதான் அடையாறு. 2015 டிசம்பரில் வரதராஜபுரமும் முடிச்சூரும் முதல் மாடி வரை மூழ்கியபோது எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் அந்த இரண்டு ஊரும் செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் கலக்கும் இடத்துக்கு மேலே இருக்கின்றன. அவற்றை மூழ்கடித்தது இந்தச் சின்ன ஏரிகளின் வெள்ளம். ஏரிக்குக் கீழே ஆயக்கட்டாக இருந்த நிலத்தை மேடாக்கி மனை போட்டால், பழைய வாய்க்கால் எங்கே போயிற்று என்று யாராவது சொல்லியாக வேண்டும். அப்பாவும் நானும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து வரைபடம் கேட்டோம். குடியிருப்பின் வடகிழக்கு மூலை வழியாக ஒரு வாய்க்கால் போகிறது. அங்கே போய்ப் பார்த்தோம். அகலம் குறையாமல் திறந்தே இருக்கிறது, குறுக்கே பெரிய குழாய் போட்டிருக்கிறார்கள். பக்கத்து டீக்கடைக்காரர், “பதினஞ்சுல ரோட்டுல முழங்கால் அளவு நின்னுச்சு, இந்தப் பக்கம் ஏறல” என்றார். ஆவணத்தோடு அவர் சொன்னதையும் சேர்த்துத்தான் நம்புகிறேன்.

சட்டம் முன்பை விட நன்றாகவே கைகொடுக்கிறது. ரெரா வந்த பிறகு, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 விழுக்காடு அந்தத் திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கட்டுமானக் குறை ஐந்து வருஷத்துக்குள் தெரிந்தால் கட்டியவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பலர் கேட்கத் தவறுவது, ரோ ஹவுஸில் நிலம் எப்படிக் கிடைக்கிறது என்பதை. சில இடங்களில் வீட்டின் கீழுள்ள நிலம் தனி உட்பிரிவாக உங்கள் பெயருக்கே வரும். சில இடங்களில் அடுக்ககம் மாதிரி பிரிக்கப்படாத பாகம் மட்டும்தான். முப்பது வருஷம் கழித்து இடித்துக் கட்ட நினைக்கும்போது இந்த வேறுபாடு குடும்பத்தையே உலுக்கும். எங்களுக்குக் காட்டிய வரைவில் நிலம் தனியாகத்தான் வருகிறது.

மதிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மதிலுக்கு வெளியே, நடந்து போகும் தூரத்தில், ஒரே அறையில் ஆறேழு பேர் தங்கியிருக்கும் வரிசை வீடுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பையன்கள், ஒடிசாப் பையன்கள், பீகார்ப் பையன்கள். இரவு ஷிப்டு முடித்து வருகிறவனும் பகல் ஷிப்டுக்குக் கிளம்புகிறவனும் ஒரே பாயை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். 2021 டிசம்பரில் ஒரு தொழிற்சாலையின் விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் மருத்துவமனைக்குப் போனதும் அங்கே வேலை செய்த பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. நல்ல காரியம். ஆனாலும் இந்தத் தடத்தை ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு வீடு வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வியே வருவதில்லை. எங்கள் கம்பெனி லைனில் நிற்கும் பையன்கள் என் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள். நுழைவாயிலில் காவலாளி அவர்களை நிறுத்தி நோட்டில் எழுதச் சொல்லும் இடத்தில் வாழ எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதை மனைவியிடம் சொன்னேன். குடியிருப்போர் சங்கம் அமைந்ததும் பொதுக்குழுவில் பேசலாம், வீடு வாங்கினவங்க பேச்சைத்தான் கேட்பாங்க என்றாள். அதுவும் நியாயம்தான்.

இப்போது நிற்கும் இடம் இதுதான். நடு வீட்டை விட்டுவிட்டோம். கடைசி வீடு, இரண்டு படுக்கையறை. கடனை 45 லட்சத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்; தவணை 39,000 சொச்சம். கார் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டாயிற்று. ஒரு வருஷத் தவணைக்கு நாலே முக்கால் லட்சம் வேண்டும். அது தனியாக வைப்பில் சேர்ந்த பிறகுதான் ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். கம்பெனி மூடினால் இன்னொரு வேலை தேட ஒரு வருஷம் கையில் இருக்கும். கார்த்திகை மழையில் ஒருமுறை போய் அந்த வாய்க்காலைப் பார்த்துவிட்டு வருவதாகவும் இருக்கிறோம். அதற்குள் விலை ஏறிவிடும் என்று போன் வருகிறது. ஏறினால் எங்களால் முடியாது, வேறு இடம் பார்ப்போம் என்று மனைவியே பதில் சொல்லிவிட்டாள்.

பாக்கி இருப்பது கிரயப் பத்திரத்தில் ஒரு வரி. பக்கத்து வீட்டோடு எங்களுக்கிருக்கும் அந்த ஒரு பொதுச்சுவரை இரண்டு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் கேட்காமல் இடிக்கவோ உடைக்கவோ கூடாது, மேல்மாடி எழுப்பினால் இருவர் சம்மதமும் வேண்டும் என்று எழுதச் சொல்லியிருக்கிறோம். வரைவில் அப்படி ஒன்றும் இல்லை. வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். அந்த வரி வந்து, வைப்புப் பணமும் சேர்ந்துவிட்டால், தை மாதம் 10 விழுக்காட்டைக் கட்டுவோம்.